மரத்தில் ஒட்டியிருப்பது நோயா?

போன இதழில் ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் நிற்கும் ஒரு பழைய பலாமரத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதன் பட்டையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் மரப்பாசியைப் பார்க்க ஒவ்வொரு ஜனவரியிலும் மலையேறுகிறேன் என்று. அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் படித்தபோது மனசு நிறைந்துவிட்டது. அதனால் இந்த முறை கேள்விகள் எல்லாமே மரப்பாசியைப் பற்றியவைதான்.

ஒரு சொல் விளக்கம் மட்டும் முதலில். குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, மழைக்காலத்தில் மதில்மேல் பச்சையாக மெத்தென்று படர்வதும் பாசி, கறிக்குழம்புக்குத் தாளிப்பதும் பாசி என்றுதான் நம் ஊரில் சொல்கிறோம். முதலாவது ஆல்கா. இரண்டாவது மாஸ், அது ஒரு குட்டிச் செடி. மூன்றாவது இந்த இரண்டிலும் சேராது. பாடப்புத்தகத்தில் அதற்கு லைக்கன் என்று பெயர். நான் இங்கே மரப்பாசி என்று எழுதுவதெல்லாம் அதைத்தான்.

மூன்று ஏக்கரில் காப்பி வைத்திருக்கிறேன். நிழலுக்கு சில்வர் ஓக், நாலு பழைய பலா. கொஞ்ச வருஷமாக மரமெல்லாம் படை வந்ததுபோல் வெள்ளையும் சாம்பலுமாகப் படர்ந்திருக்கிறது. ஆரஞ்சு மரம் இரண்டு பட்டே போய்விட்டது. ஆள் விட்டுச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா அம்மா?
*காப்பி விவசாயி, மஞ்சக்குட்டை*

ஐயா, நிழல் மரங்களைச் சுரண்ட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த இதழ் கைக்கு வருவதற்குள் ஆள் கூப்பிட்டுவிடப் போகிறீர்களே என்ற பயம் எனக்கு.

மரப்பாசிக்கு வேர் கிடையாது. பட்டையைப் பிடித்துக்கொள்ள நூல்போல் மெல்லிய இழைகள் உண்டு, அவ்வளவுதான். அவை பட்டையின் செத்த அடுக்கோடு நின்றுவிடும். சாறு ஓடும் இடம் வரைக்கும் போகாது. புல்லுருவியின் கதை வேறு. அது கிளைக்குள் ஊன்றி மரத்தின் சாற்றை எடுக்கிறது, அதை வெட்டத்தான் வேண்டும். மரப்பாசிக்குத் தண்ணீர் மழையிலிருந்தும் பனிமூட்டத்திலிருந்தும் வருகிறது. சாப்பாட்டை அதற்குள்ளேயே இருக்கும் ஆல்கா வெயிலை வைத்துத் தயாரித்துக்கொள்கிறது. உங்கள் மரம் அதற்கு உட்கார ஒரு திண்ணை.

அப்படியானால் ஆரஞ்சு ஏன் பட்டது? எங்கள் அப்பா ஏற்காட்டில் ஒரு தோட்டத்தில் ரைட்டராக இருந்தார். குவார்ட்டர்ஸ் பின்கட்டில் ஒரு ஆரஞ்சு மரம். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அதன் நுனிக்கிளைகள் காய ஆரம்பித்தன. அதே கிளைகளில்தான் மரப்பாசியும் கொத்துக் கொத்தாக இருந்தது. அப்பா என்னையும் தம்பியையும் உட்கார வைத்துத் தேங்காய்த் தொட்டியால் முழு மரத்தையும் சுரண்ட வைத்தார். சுண்ணாம்பும் அடித்தோம். மறு வருஷம் மரம் செத்துவிட்டது. தோண்டி எடுத்தபோது வேரெல்லாம் கறுத்து அழுகியிருந்தது. அடுப்படித் தண்ணீர் போகும் வாய்க்கால் அடைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தூருக்கடியில் தேங்கி நின்றிருக்கிறது. நாங்கள் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம், மரம் கீழே செத்துக்கொண்டிருந்தது. அப்பா அந்த வேரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் நின்றது இன்றைக்கும் எனக்குக் கண்ணில் நிற்கிறது. நான் தாவரவியல் படிக்கப் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

நலிந்த மரத்தில் மரப்பாசி அதிகம் தெரிவது உண்மைதான். இலை உதிர்ந்தால் கிளைக்கு வெளிச்சம் வருகிறது. வளர்ச்சி குறைந்த மரத்தின் பட்டை புதுசாக வெடித்து உரியாமல் அப்படியே இருக்கிறது. இரண்டும் மரப்பாசிக்குத் தோது. மரம் நலிந்ததால் அது வந்ததே தவிர, அது வந்ததால் மரம் நலியவில்லை. உங்கள் ஆரஞ்சின் தூரைப் போய்ப் பாருங்கள். பட்டை வெடித்துக் கோந்து வடிகிறதா, ஒட்டுப்போட்ட இடத்துக்கு மேலே மண் ஏறியிருக்கிறதா, மழை நின்ற பிறகும் தண்ணீர் நிற்கிறதா? மிச்சமிருக்கும் மரங்களையாவது காப்பாற்ற வழி அங்கேதான் கிடைக்கும்.

காப்பிச் செடியின் தண்டு மட்டும் இதற்கு விலக்கு. அரபிகா என்ற காப்பி வகையில் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். அதற்காகத் தண்டையும் தடித்த கிளைகளையும் தென்னை நாரால் தேய்த்து வழவழப்பாக்கும் வழக்கம் இருக்கிறதே, அது தேவையான வேலை. அதில் கொஞ்சம் மரப்பாசி போனால் போகட்டும். தேய்க்கும்போது பச்சைப் பட்டை காயப்படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இலைத் துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோ கலவை அடிப்பீர்கள். மயில்துத்தத்தில் இருக்கும் செம்பு மரப்பாசியைக் கொல்லும். காப்பிக்கு அடியுங்கள், பலாமரத்துத் தண்டில் பீய்ச்ச வேண்டாம்.

இன்னொரு வேண்டுகோள். நிழல் கவாத்து செய்யும்போது ஒரே வருஷத்தில் மொட்டையடிக்காதீர்கள். நிழலில் வளர்ந்த மரப்பாசி திடீர் வெயிலில் வெளுத்துப்போய்விடும். மிளகுக்கொடி ஏற்ற சில்வர் ஓக் போதும், அந்த நாலு பலாவையும் வெறுமனே விடுங்கள். சொரசொரப்பான பழைய பட்டைதான் அவற்றுக்குப் பிடித்த வீடு. கொய்யாவிலும் தைலமரத்திலும் நீங்கள் இந்த அளவு பார்க்க முடியாது. அவை பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டே இருப்பதால் எதுவும் நிலைத்து உட்காருவதில்லை. ஒரு பழைய பலா போனால், அதன்மேல் இருந்ததெல்லாம் இன்னொரு மரத்தில் வந்து சேர ஒரு மனுஷ ஆயுள் ஆகலாம்.

செவ்வாய்ப்பேட்டைக் கடையில் கல்பாசி வாங்கினேன். பட்டைத் துண்டும் தூசியுமாக இருந்தது. நீங்கள் எழுதியதும் இதுவும் ஒன்றா? வீட்டிலேயே வளர்க்க முடியுமா?
*குடும்பத்தலைவி, குகை, சேலம்*

ஒரே இனம்தான் அம்மா. கல்பாசி என்று நாம் அதிகம் புழங்குவதற்கு பார்மோட்ரீமா பெர்லேட்டம் என்று பெயர். மேல்பக்கம் சாம்பல், அடிப்பக்கம் கறுப்பு, ஓரம் சுருண்டிருக்கும். கடையில் ஒரே பொட்டலத்தில் அதன் உறவுக்காரர்கள் இரண்டு மூன்று வகையும் கலந்துதான் வரும். பெயரில் கல் இருந்தாலும் பெரும்பாலும் மரத்திலிருந்து எடுத்தது. அதனால்தான் பட்டைத் துண்டு. பட்டையைப் பொறுக்கிவிட்டு, தண்ணீரில் ஒருமுறை அலசி, உலர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். பச்சையாக முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் போட்டதும்தான் மழை நனைத்த மரத்தின் வாசனை வரும். அரைக்கிலோ கறிக்கு இரண்டு இதழ் போதும். கூடினால் கசக்கும்.

வளர்க்க முடியாது. வளரும் வேகம் அப்படி. இலைபோல் படரும் இந்த வகைக்கே ஓரம் வருஷத்துக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும். நாலு மில்லிமீட்டர் என்று வைத்தால்கூட, உள்ளங்கை அகலத்துக்கு வர பன்னிரண்டு வருஷத்துக்கு மேல். பாறையோடு தோலாக ஒட்டியிருக்கும் வகைகள் இன்னும் மெதுவு, பலவற்றுக்கு வருஷத்தில் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. நீங்கள் தாளிப்பில் போடும் அந்த இரண்டு இதழ், உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் சேர்ந்த காலத்தில் துளிர்த்ததாக இருக்கலாம். சமைக்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் சமைக்கிறேன். வீணாக்காமல் சமையுங்கள்.

மலைக்குப் போகும்போது பறித்துக்கொண்டு வருவதை மட்டும் செய்யாதீர்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் எதையும் எடுப்பது 1882ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றம். அதோடு உடம்புக்கும் ஆகாது. மரப்பாசிக்கு வடிகட்டும் தோல் கிடையாது. காற்றில் வருகிற புகை, ஈயம் எல்லாவற்றையும் இழுத்து உள்ளே சேர்த்து வைக்கும். 1986இல் செர்னோபில் அணு உலை வெடித்தபோது, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நார்வேயிலும் சுவீடனிலும் துருவமான்கள் மேயும் மரப்பாசியில் கதிரியக்கம் சேர்ந்தது. அந்த மான்களின் இறைச்சியைக் கொட்டிப் புதைக்க வேண்டி வந்தது. மலைப்பாதையில் பஸ் புகை படும் மரத்திலிருந்து எடுத்ததைக் குழம்பில் போடலாமா, நீங்களே யோசியுங்கள்.

ஏற்காட்டிலிருந்து மரப்பாசி படர்ந்த ஒரு கல்லைக் கொண்டுவந்து மாடியில் பூந்தொட்டி பக்கத்தில் வைத்தேன். தினமும் இரண்டு வேளை தண்ணீர் தெளிக்கிறேன். இரண்டு மாதத்தில் பழுப்பாகி உதிர்கிறது. உரம் வைக்கலாமா?
*வாசகர், அஸ்தம்பட்டி*

உரம் வேண்டாம் ஐயா. தண்ணீரையும் இன்றே நிறுத்துங்கள்.

நீங்கள் ஆசையாகத்தான் செய்திருக்கிறீர்கள், தெரிகிறது. ஆனால் செடியைப் பார்க்கும் கண்ணோடு இதைப் பார்த்தால் தவறிவிடும். செடி தன் தண்ணீரைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். மரப்பாசியால் முடியாது. காற்று ஈரமானால் இதுவும் ஈரம், காற்று காய்ந்தால் இதுவும் காய்ந்து நொறுங்கும் அப்பளம். காய்ந்தது செத்ததாக அர்த்தமில்லை. தூங்குகிறது. மறுபடி பனி இறங்கினால் சில நிமிஷத்தில் மேல்தோல் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே இருக்கும் ஆல்காவின் பச்சை வெளியே தெரியும். எங்கள் மாணவிகளுக்கு இதை நான் பாறைமேல் ஒரு கை தண்ணீர் விட்டுத்தான் காட்டுவேன். சாம்பலாக இருந்தது கண்ணெதிரே பச்சையாகும்போது அவர்கள் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

இந்த நனைதலும் காய்தலும் மாறி மாறி வரவேண்டும். எப்போதும் ஈரமாக இருந்தால் உள்ளே காற்றுப் போகாது, உணவு செய்யும் வேலை நின்று, மூச்சுவிடும் செலவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். வெயிலில் சூடான மாடியில் நீங்கள் மத்தியானம் தெளிக்கும்போது என்ன ஆகிறது? தூங்கிக்கொண்டிருந்ததை எழுப்பி அனலில் நிறுத்துகிறீர்கள். காய்ந்த மரப்பாசி பெரிய சூட்டையும் தாங்கும், நனைந்தது தாங்காது. குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரினும் உப்பும் வேறு. உரத்தின் தழைச்சத்து, மலையின் மெலிந்த காற்றுக்கும் சுத்தமான மழைக்கும் பழகினதற்குப் பெரும் சுமை.

அப்புறம் உயரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது நம் காது அடைக்கிறதே, அந்த மாற்றத்தை இது மொத்தமாக அனுபவிக்கிறது. மலையில் விடிகாலை மூட்டம் உண்டு. உங்கள் மாடியில் ஏப்ரல் மாதம் ராத்திரிகூட கல் சூடாக இருக்கும்.

முடிந்தால் அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே, முன்பு மேலே இருந்த பக்கமே மேலே இருக்கும்படி கொண்டுபோய் வையுங்கள். ஒரு ஓரம் உயிரோடு இருந்தாலும் அதிலிருந்து மெதுவாகத் தேறும். பார்த்து மகிழ வேண்டுமானால், உங்கள் தெருத் தென்னையைப் பாருங்கள். தண்டில் வெள்ளையும் பச்சை கலந்த சாம்பலுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும், சில சமயம் ஓரத்தில் கறுப்புக் கோடுகூட இருக்கும். அது சேலத்து வெயிலுக்குப் பழகிய மரப்பாசி. யாரும் தண்ணீர் ஊற்றாமலே நன்றாக இருக்கிறது.

எங்கள் குலதெய்வக் கோயிலில் பழைய எழுத்து வெட்டிய கல் ஒன்று இருக்கிறது. அதில் வெள்ளைத் திட்டு ஏறி எழுத்து தெரியவில்லை. கும்பாபிஷேகத்துக்கு முன் ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள்.
*வாசகர், வாழப்பாடி*

ஆசிட் கூடவே கூடாது. கம்பி பிரஷ்ஷும் மணல் பீய்ச்சுவதும் கூடாது. மரப்பாசியின் இழைகள் கல்லின் மேல்தோலுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியிருக்கும். வேகமாகப் பெயர்த்தால் கல்லின் பொருக்கும் சேர்ந்து வரும், வெட்டிய எழுத்தே அந்தப் பொருக்கில்தான் இருக்கிறது. காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், அல்லது இரவில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் போட்டோ எடுங்கள். எழுத்து நிழலோடு எழுந்து வரும். சுத்தம் செய்வதைத் தொல்லியல் துறைக்குத் தெரிவித்து அவர்களிடமே விடுங்கள். எண்ணெயும் மஞ்சளும் சார்த்துவது வழக்கமானால், எழுத்து இல்லாத பக்கம் சார்த்தச் சொல்லுங்கள்.

தாடி மாதிரி தொங்கும் மரப்பாசியைக் கஷாயம் வைத்துக் குடித்தால் உடம்பு இளைக்குமாமே?
*பெயர் வேண்டாம், ஆத்தூர்*

குடிக்காதீர்கள் அம்மா. அதில் உஸ்னிக் அமிலம் இருக்கிறது. இளைப்பதற்கென்று அதை மாத்திரையாகச் சாப்பிட்டு ஈரல் கெட்டுப்போனவர்கள் வெளிநாட்டில் உண்டு. ஏற்கெனவே குடித்திருந்து, கண் மஞ்சளாகவோ ஒரேயடியாக அசதியாகவோ இருந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். தாடி போன்றதைக் குடித்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

டீச்சர், நான் பத்தாவது படிக்கிறேன். அறிவியல் கண்காட்சிக்கு மரப்பாசி பற்றிச் செய்ய ஆசை. அது ஒரு செடியா, இரண்டு உயிரா? மரப்பாசி இருந்தால் காற்று சுத்தம் என்று சொல்வது உண்மையா? என்னிடம் மைக்ராஸ்கோப் இல்லை.
*மாணவி, அயோத்தியாப்பட்டணம்*

கண்ணு, உன் கடிதத்தை இரண்டு தரம் படித்தேன். மைக்ராஸ்கோப் இல்லாமல் நிறையச் செய்யலாம்.

உங்கள் பக்கம் தறி இருக்கும், பார்த்திருப்பாய். பாவு மட்டும் இருந்தால் துணி ஆகாது, ஊடு குறுக்கே ஓடினால்தான் துணி. மரப்பாசியில் பூஞ்சையின் இழைகள்தான் பாவு. உடம்பையும் தோலையும் ஈரம் பிடிக்கும் இடத்தையும் அது தருகிறது. நடுவில் ஆல்கா, சிலவற்றில் நீலப்பச்சை பாக்டீரியா, உணவு செய்து தருகிறது. இரண்டையும் பிரித்து எடுத்தால் எதற்கும் மரப்பாசியின் உருவம் இருக்காது. 1867இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சிமோன் ஷ்வெண்டெனர் இதை முதலில் சொன்னபோது பெரிய பெரிய ஆட்களே ஒத்துக்கொள்ளவில்லை. 2016இல் பல மரப்பாசிகளின் தோலுக்குள் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஆக, இரண்டு உயிர் என்று உன் அட்டையில் எழுதாதே, ஒரு குடித்தனம் என்று எழுது.

ஷ்வெண்டெனரை எதிர்த்தவர்களில் ஒருவர் வில்லியம் நைலாண்டர். அவர்தான் 1866இல் பாரிஸ் நகரத்தில் லக்சம்பர்க் தோட்டத்து மரங்களைப் பார்த்து, மரப்பாசி காற்றின் சுத்தத்தைக் காட்டும் என்று எழுதியவர். நிலக்கரிப் புகையில் வரும் கந்தக டைஆக்சைடு ஈரத்தில் கரைந்து உள்ளே போய் ஆல்காவின் பச்சையத்தைக் கெடுக்கிறது. தாடிபோல் தொங்குபவை முதலில் போகும், இலைபோல் இருப்பவை அடுத்து, தோல்போல் ஒட்டியிருப்பவை கடைசியில். அதனால் "இருக்கிறதா" என்று மட்டும் கேட்காதே, "எந்த வகை இருக்கிறது" என்று கேள். தென்னையில் வெள்ளைத் திட்டு இருப்பதால் மட்டும் அந்தத் தெருவில் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. வெப்பமும் உயரமும்கூட வகையை மாற்றும். ஆகவே சேலத்தையும் ஏற்காட்டையும் ஒப்பிடாதே. உங்கள் ஊரிலேயே மெயின்ரோட்டு ஓரத்தில் பத்து மரம், வயலுக்குள் பத்து மரம், இரண்டு இடத்திலும் ஒரே ஜாதி, ஏறக்குறைய ஒரே பருமன், இப்படி எடுத்துக்கொண்டால் ஒப்பீடு நேர்மையாக இருக்கும்.

இனி செய்முறை. வகுப்பில் பயன்படுத்தும் தெளிவான பிளாஸ்டிக் தாளில் ஒரு சதுரம் வெட்டி, ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கட்டம் போட்டுக்கொள். தண்டில் உன் மார்பளவு உயரத்தில் ஒட்டி, எத்தனை கட்டத்தில் மரப்பாசி இருக்கிறது என்று எண்ணு. அதுவே உன் கணக்கு. வளர்ச்சி பார்க்க வேண்டுமானால், ஒரே ஒரு திட்டைத் தேர்ந்தெடுத்து அதன் விளிம்பை அழியாத பேனாவால் தாளில் வரைந்து எடு. அடுத்த வருஷம் அதே மாதம், மழை பெய்யாத ஒரு காலையில், அதே தாளைப் பொருத்தி வேறு நிறத்தில் வரை. நனைந்தால் கொஞ்சம் விரியும், அதனால்தான் காய்ந்திருக்கும்போது எடுக்கச் சொல்கிறேன். என் நாகலூர்ப் பலாவில் இப்படி எடுத்த தாள்கள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மர வளையம்போல் இருக்கும். ஒரு வருஷம் மட்டும் கோடு உள்ளே போயிருக்கிறது, ஏதோ பூச்சி ஒரு பக்கம் தின்றிருந்தது. மறு வருஷமே விளிம்பு மீண்டும் வெளியே வர ஆரம்பித்தது. உனக்கும் அப்படி ஆனால் அழித்துத் திருத்தாதே, அப்படியே வை.

கண்காட்சியில் காட்ட ஒரு சோதனையும் உண்டு. கடையில் வாங்கிய கல்பாசியில் நாலைந்து இதழை எடுத்து, மேல்தோலை நகத்தால் லேசாகச் சுரண்டி, வெள்ளையாகத் தெரியும் இடத்தில் புதிதாகக் கரைத்த ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரை ஒரு சொட்டு வை. பார்மோட்ரீமா டிங்டோரம் என்ற வகை கலந்திருந்தால் உடனே ரத்தச் சிவப்பாகும். அதில் இருக்கும் லெக்கனோரிக் அமிலத்தால் வருகிற நிறம் அது. பெர்லேட்டம் அப்படிச் சிவக்காது. சொட்டு வைத்ததைச் சமையலுக்கு எடுக்காமல் தூர எறிந்துவிடு. கையைக் கழுவு, அம்மா பக்கத்தில் இருக்கும்போது செய்.

மரத்திலிருந்து எதையும் பிய்க்காதே. தாளின் மூலையில் தேதி, மரத்தின் பெயர், தண்டின் எந்தத் திசை, தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், இந்த நாலையும் அன்றைக்கே எழுதிவிடு. தாளைப் பொருத்துவதற்கு அடையாளமாகப் பட்டையில் உள்ள ஒரு முண்டையும் ஒரு வெடிப்பையும் சேர்த்து வரைந்துகொள், அப்போதுதான் அடுத்த வருஷம் தாள் அதே இடத்தில் உட்காரும். முதல் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு.